இது யாருடைய புத்தகம்?

தொல்குடிப் பெண் எழுத்தாளர்கள் பொது நூலகங்களில் தம் முதல் நாவலைப் பற்றிப் பேசும் காணொளிகளைத் தேடிப் பார்ப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். ஒரு மேசை, ஒலிவாங்கி, வரிசையாக நாற்காலிகள். ஒரு பகுதியை வாசித்து முடித்ததும் கேள்வி நேரம். அமெரிக்காவோ கனடாவோ, ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: இதில் எவ்வளவு உங்கள் சொந்தக் கதை? அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அதற்குள் ஒரு பழைய சந்தேகம் உட்கார்ந்திருக்கிறது. பழங்குடிப் பெண்ணிடம் வாழ்க்கை இருக்கும், பாட்டி சொன்ன கதைகள் இருக்கும். நாவல் என்ற வடிவம் அவளுடையதாக இருக்குமா?

இந்தச் சந்தேகத்தின் வரலாற்றைக் கிறிஸ்டின் குவின்டாஸ்கெட்டிடமிருந்து தொடங்கலாம். வாஷிங்டன் மாநிலத்தில், தொல்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட கோல்வில் நிலப்பகுதியைச் சேர்ந்த ஒகனாகன் பெண் அவர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர். அந்தப் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில்தான் 1912 வாக்கில் நாவல் எழுத உட்கார்ந்தார். புனைபெயர் 'மோர்னிங் டவ்'. முதலில் விடியலைக் குறிக்கும் எழுத்துகளில் எழுதியவர், பின்னாளில் ஓர் அருங்காட்சியகத்தில் அந்தப் புறாவின் பெயர் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்துத் துயரத்தைக் குறிக்கும் எழுத்துகளுக்கு மாறினார். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிழைப்புக்காகக் கணவருடன் ஊர் ஊராகச் சென்று ஹாப்ஸ் தோட்டங்களிலும் ஆப்பிள் தோப்புகளிலும் கூலிக்குப் பறித்தார். இரவில் கூடாரத்தில் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தார். வர்ஜீனியா உல்ஃப் கேட்ட அந்தத் தனி அறையை நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூடாரம் நினைவுக்கு வரும்.

நாவலின் நாயகி கோஜிவியா, மொன்டானா மாட்டுப் பண்ணையில் வாழும் கலப்பினப் பெண். அவளிடம் சொத்து இருப்பதாக நம்பிக் காதல் பேசி வரும் வெள்ளைக்காரனைப் பாட்டி இனம் கண்டுகொள்கிறாள். நேரே சொல்லவில்லை, ஏமாற்றப்பட்ட முந்தைய தலைமுறைப் பெண்களின் கதைகளைச் சொல்கிறாள். இன்னோர் இடத்தில் கோஜிவியா, தன்னைப் போன்ற கலப்பினத்தவரைப் பற்றி வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி எழுதிய நாவலைப் படித்துக் கொதிக்கிறாள். தன்னைப் பற்றி எழுதப்பட்டதை எதிர்த்து வாசிக்கும் ஒரு பெண்ணை முதல் நாவலிலேயே படைத்துவிட்டார் கிறிஸ்டின்.

1927இல் பாஸ்டனில் நூல் வெளிவந்தபோது நிலைமை வேறாக இருந்தது. கைப்பிரதியைச் செப்பனிட்டவர் லுகல்லஸ் மக்வோர்ட்டர் என்ற வெள்ளைக்காரர். அவர் வில்லன் அல்லர். யாகிமா மக்களின் நிலத்துக்கும் நீருக்கும் துணை நின்றவர். இந்த நூலை வெளிக்கொண்டுவர ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். ஆனால் தொல்குடி விவகார அதிகாரிகளைச் சாடும் நீண்ட பத்திகள், வழக்கங்களை விளக்கும் குறிப்புகள், இயல்பாகப் பேசுகிற பெண்ணின் வாயில் திடீரென்று மேடைச் சொற்பொழிவு என்று தன் கையையும் உள்ளே வைத்துவிட்டார். தலைப்புப் பக்கத்திலேயே, கதை இன்னொருவர் 'வழியாகத் தரப்பட்டது' என்று நிற்கிறது. அந்த இன்னொருவர் மக்வோர்ட்டரின் புனைபெயர்.

அச்சான நூலைப் படித்த கிறிஸ்டின் 1928இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், இது வேறு யாரோ எழுதிய புத்தகம்போல் இருக்கிறது என்று சொன்னார். மரியாதை குறையாத, நன்றி மறக்காத கடிதம். அதனால்தான் படிக்கச் சங்கடமாக இருக்கிறது. பகைவன் திருத்தினால் சண்டை போடலாம். உதவியவர் திருத்தினால் என்ன செய்வது?

1935இல் கோல்வில் பழங்குடி அவைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு இறந்தார்.

ஒகனாகன் மக்களின் நிலத்தை அமெரிக்க-கனடா எல்லைக்கோடு இரண்டாக வெட்டுகிறது. கோட்டுக்கு வடக்கே, அதே மக்களிலிருந்து, கிறிஸ்டினுக்கு உறவுமுறையில் பேத்தியான ஜெனட் ஆம்ஸ்ட்ராங் 1985இல் 'ஸ்லாஷ்' என்ற தன் முதல் நாவலை வெளியிட்டார். வெளியிட்டது தெய்டஸ். கனடாவில் தொல்குடியினர் தாமே நடத்திய பதிப்பகங்களில் முன்னோடி அது. இப்போது திருத்தும் கை வெளியார் கை அல்ல.

ஆனாலும் கேள்வி ஓயவில்லை. இம்முறை அது நம் பக்கத்திலிருந்து வந்தது. பெண் எழுதிய நாவலில் ஏன் ஆண் கதைசொல்லி என்று பெண்ணிய வாசகர்கள் கேட்டார்கள். மக்வோர்ட்டரின் பேனா நம் கைக்கும் வந்துவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுபதுகளின் போராட்டங்களில் அலைந்து, கோபத்தில் தன்னையே தொலைக்கும் இளைஞன் டாமி. அவனை இயக்கத்துக்குள் இழுத்து வருபவள் மார்டி என்ற பெண். நாவலில் பெண்கள் எங்கே என்று தேடியவர்கள் அவளை எப்படித் தாண்டிப் போனார்கள்?

ஆம்ஸ்ட்ராங் நாவல் எழுத முடிவு செய்ததற்குக் காரணம் பள்ளிக்கூடம். தம் பிள்ளைகளுக்கு அண்மைக்கால வரலாற்றைச் சொல்லத் தகுந்த நூல் தேவைப்பட்டது. வரலாற்றுப் பாடநூலாக எழுதியிருக்கலாம், கதையாக எழுதினார். நூலகக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் அதை இரண்டாவதாகத்தான் படிக்கிறோம்.