கறுப்பினக் கல்லூரிகளின் குருமரபு

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலானவை உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்குப் பின் தோன்றியவை. பென்சில்வேனியாவின் செய்னி (1837), லிங்கன் (1854), ஒஹாயோவின் வில்பர்ஃபோர்ஸ் (1856) ஆகிய மூன்றும் அதற்கு முந்தியவை. போருக்குப் பின் நாஷ்வில்லில் ஃபிஸ்க் (1866), வாஷிங்டனில் ஹோவர்டு (1867), ஜார்ஜியாவில் மோர்ஹவுஸ் (1867), வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் (1868) என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. டஸ்கீகியும் பெண்களுக்கான ஸ்பெல்மனும் 1881-ல் தொடங்கின. 1964-க்கு முன் கறுப்பினத்தவரின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு நிறுவப்பட்டவை என்று 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இவற்றுக்கு வரையறை தந்தது. இன்று ஏறத்தாழ நூறு கல்லூரிகள் இந்தப் பட்டியலில் உள்ளன.

இவற்றில் பாடம் நடத்துவதோடு ஆசிரியரின் வேலை என்றுமே முடிந்ததில்லை. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தெற்கின் பல மாநிலங்கள் குற்றமாக்கியிருந்தன. அதனால் முதல் தலைமுறை மாணவர்களில் பலருக்கு வீட்டில் படித்தவர் என்று யாருமில்லை. எந்தப் படிப்பு எந்த வேலைக்கு இட்டுச் செல்லும், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும், பணத்துக்கு எங்கே போவது என்று எல்லாவற்றுக்கும் ஆசிரியரையே கேட்க வேண்டியிருந்தது. ஃபேனி ஜாக்சன் காப்பின் 1837-ல் வாஷிங்டனில் அடிமையாகப் பிறந்தவர். தாயின் சகோதரி 125 டாலர் கொடுத்து அவரை மீட்டார். ஓபர்லின் கல்லூரியில் படிக்கும்போதே, விடுதலை பெற்று வந்தவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தார். பின்னாளில் செய்னியாக மாறிய பிலடெல்பியா பள்ளிக்கு 1869 முதல் 1902 வரை தலைமை ஆசிரியராக இருந்து, ஆசிரியர்களையே உருவாக்கி அனுப்பினார். படித்து முடித்தவர் ஊருக்குத் திரும்பி அடுத்தவரைப் படிக்கவைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தக் கல்லூரிகளின் வகுப்பறைகளில் அசாதாரணமான திறமை குவிந்தது. அதற்குக் காரணம் ஓர் அநீதி. ஹார்வர்டு, யேல், சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவர் சிலருக்கு முனைவர் பட்டம் தந்தன. ஆசிரியர் வேலையைப் பெரும்பாலும் தரவில்லை. ஹார்வர்டில் முனைவரான டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1897-ல் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். உயிரியலாளர் எர்னஸ்ட் ஜஸ்ட், தத்துவவாதி அலைன் லாக் ஆகியோர் ஹோவர்டில் இருந்தார்கள். ஆய்வுக்கூடம், நூலகம், ஆராய்ச்சி விடுப்பு எல்லாவற்றிலும் இக்கல்லூரிகளுக்குப் பற்றாக்குறை. வெளியே கதவு மூடியிருந்ததால், பலர் தங்கள் உழைப்பை எல்லாம் மாணவர்கள்மேல் கொட்டினார்கள். மாணவர்களுக்குக் கிடைத்த அந்த நன்மைக்கு ஆசிரியர்கள் தங்கள் சொந்த ஆய்வு வாழ்க்கையை விலையாகக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஹோவர்டு சட்டப் பள்ளி இதற்குத் தெளிவான உதாரணம். ஹார்வர்டு லா ரிவ்யூ இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரான சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் 1929-ல் அதன் துணை முதல்வரானார். அப்போது அது மாலை வகுப்புப் பள்ளி. அதை முழுநேரப் பள்ளியாக மாற்றி, 1931-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பெற்றுத் தந்தார். அதே காலத்தில் பால்டிமோரிலிருந்து வாஷிங்டனுக்குத் தினமும் ரயிலில் வந்து படித்தவர் தர்குட் மார்ஷல். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டப் பள்ளி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. ஹோவர்டில் கட்டணம் கட்ட அவருடைய தாய் திருமண மோதிரத்தை அடகுவைத்தார்.

ஹூஸ்டன் கண்டிப்பானவர். மாணவர்கள் அவருக்கு 'இரும்பு ஷூ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உங்களுக்கு வலமும் இடமும் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு அவர்கள் இருக்க மாட்டார்கள் என்று முதல் நாளே எச்சரிப்பார். அவர் எதிர்பார்த்த வழக்கறிஞர் வேறு ரகம். நீதிமன்றத்தில் ஒரு சிறு பிழை செய்தாலும் வெள்ளையருக்குக் கிடைக்கும் மன்னிப்பு கறுப்பினத்தவருக்குக் கிடைக்காது என்று நம்பியவர் அவர். வழக்கறிஞர் சமூகத்தை மாற்றியமைப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் சமூகத்தின் ஒட்டுண்ணி என்பது அவர் கொள்கை. மாணவர்களைச் சிறைச்சாலைக்கும் நீதிமன்றங்களுக்கும் அழைத்துச் செல்வார். மார்ஷல் 1933-ல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். இரண்டாவது ஆலிவர் ஹில். அதன் பிறகுதான் உண்மையான பயிற்சி தொடங்கியது என்று சொல்லலாம். ஹூஸ்டனும் மார்ஷலும் ஹூஸ்டனின் காரில் தெற்கு மாநிலங்களைச் சுற்றி, கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் கிடந்த நிலையைப் பதிவுசெய்தார்கள். கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகள் அரிது என்பதால் தெரிந்தவர் வீடுகளில் தங்க வேண்டியிருந்தது. மார்ஷலுக்கு இடமில்லாத அதே மேரிலாந்து சட்டப் பள்ளிக்கு எதிராக 1935-ல் இருவரும் சேர்ந்து வழக்காடி வென்றார்கள். டொனால்டு மரே என்ற கறுப்பின மாணவருக்கு இடம் கிடைத்தது. ஹூஸ்டன் 1950-ல் இறந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கை முன்னின்று நடத்தியவர் மார்ஷல். 1967-ல் அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியும் ஆனார்.

எல்லா உறவும் இப்படி முடியவில்லை. அதே ஹோவர்டில் எர்னஸ்ட் ஜஸ்டின் வகுப்பில் விலங்கியல் படிக்கத் தொடங்கினார் ரோஜர் ஆர்லைனர் யங் என்ற பெண். 1923-ல் பட்டம் பெற்று, அங்கேயே பாடம் நடத்திக்கொண்டு, கோடைகாலங்களில் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்தில் ஜஸ்டுக்கு உதவியாக உழைத்தார். 1930-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முனைவர் தகுதித் தேர்வில் தோற்றார். ஜஸ்டுடனான உறவு கசந்தது. 1936-ல் ஹோவர்டு அவரை வேலையிலிருந்து நீக்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேறொரு ஆசிரியரின் துணையோடு 1940-ல் முனைவரானார். விலங்கியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஒரே ஒரு மனிதரின் தயவை நம்பி ஒரு வாழ்க்கை நிற்கும்போது, அந்தத் தயவு விலகினால் போக்கிடம் இல்லை. பெண்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பாக இருந்தது.

ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை 1950-களின் தொடக்கத்தில் வேறொரு பாதையைக் காட்டியது. யேலில் 1949-ல் முனைவரான ஈவ்லின் பாய்ட், மணமான பின் ஈவ்லின் பாய்ட் கிரான்வில், அங்கே 1950 முதல் 1952 வரை கற்பித்தார். இரண்டே ஆண்டுகள்தான். மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு வந்த விவியன் மலோனை அவர் கணிதத்தின் பக்கம் திருப்பினார். மிசிசிப்பியின் டூபிலோவிலிருந்து வந்த எட்டா ஃபால்கனருக்கும் முன்மாதிரியானார். துறைத் தலைவர் லீ லார்ச் நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர். இனப் பிரிவினையை எதிர்த்ததால் முன்பு இரண்டு கல்லூரிகளில் வேலை இழந்தவர். 1951-ல் நாஷ்வில்லில் கணிதச் சங்கத்தின் வட்டார மாநாடு நடந்தபோது, ஈவ்லின் பாய்ட் உள்ளிட்ட கறுப்பின ஆசிரியர்களோடு அவர் போனார். கட்டுரைகளைக் கேட்க இடம் கிடைத்தது. விருந்தில் உட்கார இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். சங்கத்தின் விதிகளை மாற்றக் கோரி ஃபிஸ்க் ஆசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். தொழில்முறைச் சங்கத்தில் சமமாக உட்கார முடியாத ஆசிரியர்களே அந்தச் சங்கத்துக்கு அடுத்த தலைமுறையைத் தயார்செய்துகொண்டிருந்தார்கள்.

குளோரியா ஹெவிட் 1956-ல் ஃபிஸ்கில் பட்டம் பெற்றவர். மேற்படிப்புக்கு அவர் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. லார்ச் அவரிடம் சொல்லாமலேயே பல்கலைக்கழகங்களுக்குப் பரிந்துரை எழுதிவிட்டார். உதவித்தொகையோடு இடம் தருவதாகக் கடிதம் வீடு தேடி வந்தது. ஹெவிட் 1962-ல் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். மணமான பின் மலோன்-மேய்ஸ் ஆன விவியனை 1961-ல் பேலர் பல்கலைக்கழகம் நிறத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1966-ல் முனைவரானதும் அதே பேலர் அவரைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. லார்ச்சோ நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் சிக்கி 1955-ல் ஃபிஸ்கிலிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து வந்து இம்மரபில் கலந்தவர் லார்ச் மட்டுமல்ல. ஹிட்லரிடமிருந்து தப்பிய யூத அறிஞர் பலருக்கு வேலை கொடுத்தவை கறுப்பினக் கல்லூரிகளே. வியன்னாவிலிருந்து வந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1939-ல் ஹாம்ப்டனில் ஓவியம் கற்பிக்கத் தொடங்கினார். குழாய் வேலை கற்க 1941-ல் அங்கே சேர்ந்த ஜான் பிகர்ஸ் அவர் வகுப்பில் உட்கார்ந்து ஓவியரானார். பிகர்ஸ் 1949-ல் ஹூஸ்டன் நகரின் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறையை நிறுவினார். அவருடைய மாணவர்கள் படிப்பை முடிக்கும்முன் கல்லூரிச் சுவரில் ஒரு சுவரோவியம் தீட்டிவிட்டுப் போனார்கள். மிசிசிப்பியின் டூகலூ கல்லூரிக்கு 1947-ல் வந்த எர்ன்ஸ்ட் போரின்ஸ்கி தன் கூட்டங்களில் மாணவர்களை ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில் உட்காரச் சொல்வார். தாமதமாக வரும் வெள்ளையர்கள் வேறு வழியின்றி அவர்களுக்கு நடுவே அமர்வார்கள். மிசிசிப்பியில் அன்று அது சட்டத்துக்கே சவால். 1983-ல் இறந்த அவரை அந்தக் கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மோர்ஹவுஸில் 1940 முதல் 1967 வரை தலைவராக இருந்த பெஞ்சமின் மேய்ஸ், செவ்வாய்க்கிழமை காலைகளில் கல்லூரித் தேவாலயத்தில் பேசுவார். 1944-ல் பதினைந்து வயதில் கல்லூரியில் சேர்ந்த மார்ட்டின் லூதர் கிங், பேச்சு முடிந்ததும் பின்னாலேயே போய்த் தர்க்கம் செய்வார். மேய்ஸ் 1936-ன் இறுதியில் வார்தாவில் காந்தியைச் சந்தித்தவர். மோர்ஹவுஸ் மாணவராக இருந்து ஹோவர்டில் ஆசிரியரான ஹோவர்டு தர்மன் அதற்குச் சில மாதங்கள் முன்பே பர்தோலியில் காந்தியைச் சந்தித்திருந்தார். அந்தப் பயணத்தில் இலங்கையிலும் பேசிய தர்மனிடம், உங்கள் மக்களை அடிமைப்படுத்தியவர்களின் மதத்தை நீங்கள் எப்படி ஏற்கலாம் என்று கொழும்பு சட்டக் கல்லூரியில் ஒருவர் நேராகக் கேட்டார். அதற்குப் பதிலாகவே பின்னர் ஒரு நூலை எழுதினார் தர்மன். ஹோவர்டு பல்கலைக்கழகத் தலைவர் மோர்டெகாய் ஜான்சன் 1950-ல் பிலடெல்பியாவில் காந்தியைப் பற்றி ஆற்றிய உரையைக் கிங் நேரில் கேட்டார். சத்தியாக்கிரகம் கிங்கை வந்தடைந்த வழிகளில் இந்த ஆசிரியர் வரிசை முக்கியமானது. யார் முதலில் இறந்தாலும் மற்றவர் இரங்கலுரை ஆற்ற வேண்டும் என்று கிங்கும் மேய்ஸும் பேசிவைத்திருந்தார்கள். 1968 ஏப்ரல் 9 அன்று மோர்ஹவுஸ் வளாகத்தில் அந்தக் கடமையை நிறைவேற்றியவர் 73 வயது மேய்ஸ்.

அரசு நடத்திய கல்லூரிகளில் ஆசிரியருக்கு இந்தத் துணிவைக் காட்ட இடம் குறைவு. சம்பளம் வெள்ளையர் ஆண்ட மாநில அரசிடமிருந்து வந்தது. 1960-ல் மாண்ட்கோமரியில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய ஒன்பது மாணவர்களை அலபாமா மாநிலக் கல்லூரி நீக்கியது. ஆளுநர் தரப்பின் நெருக்கடியில் வரலாற்றுப் பேராசிரியர் எல். டி. ரெடிக்கும் வெளியேற்றப்பட்டார். நீக்கப்பட்ட மாணவர்கள் தொடுத்த வழக்கில், விசாரணை இல்லாமல் அரசுக் கல்லூரி மாணவர்களை வெளியேற்றக் கூடாது என்று 1961-ல் தீர்ப்பு வந்தது.

இனப் பிரிவினை சட்டப்படி ஒழிந்தபின், சிறந்த மாணவர்களையும் இளம் முனைவர்களையும் பெரிய பல்கலைக்கழகங்கள் அழைக்கத் தொடங்கின. முன்பு வேறு வழியில்லாமல் குவிந்த திறமையை இனி முயன்று தக்கவைக்க வேண்டியிருந்தது. தனிமனிதர்கள் செய்துவந்த வேலை திட்டங்களாக வடிவெடுத்தது அப்போதுதான். எட்டா ஃபால்கனரின் பணி இரண்டு காலங்களுக்கும் பாலமாக அமைந்தது. ஃபிஸ்க் மாணவியான அவர் 1965-ல் ஸ்பெல்மனில் சேர்ந்து, பாடம் நடத்திக்கொண்டே 1969-ல் எமரி பல்கலைக்கழகத்தில் முனைவரானார். புதிதாகச் சேரும் மாணவிகளுக்குக் கோடைகால அறிவியல் பயிற்சி, 1987-ல் நாசாவின் ஆதரவோடு ஓர் உதவித்தொகைத் திட்டம் என்று ஏற்பாடுகளை வளர்த்தார். உடன் பணியாற்றியவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. 1974-ல் ஸ்பெல்மனில் ஆசிரியராகச் சேர்ந்த சில்வியா போஸ்மேனை முனைவர் பட்டத்துக்கு ஊக்குவித்தார். போஸ்மேன் அதே எமரியில் 1980-ல் அதைப் பெற்றார். 1998-ல் ரோண்டா ஹியூஸோடு சேர்ந்து, கணிதத்தில் முனைவர் படிப்பைத் தொடங்கும் பெண்களுக்காக 'எட்ஜ்' என்ற கோடைகாலத் திட்டத்தைத் தொடங்கியவர் இவரே.

நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகம் இன்னொரு முறையைக் கையாண்டது. வேதியியல் ஆசிரியர் ஜே. டபிள்யூ. கார்மைக்கேலும் சக ஆசிரியர்களும் முதலாண்டு அறிவியல் பாடங்களுக்குப் பொதுவான பயிற்சிக் கையேடுகளை எழுதினார்கள். எந்த ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்தாலும் பாடம் ஒன்றே. வாராந்தரப் பயிற்சி, மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது, மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை ஆசிரியரே உடனிருந்து திருத்துவது எல்லாம் அன்றாட வழக்கமாயின. நாட்டில் மிக அதிகமான கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பும் இடமாக இச்சிறு கல்லூரி உயர்ந்தது. நட்சத்திர ஆசிரியர் ஒருவரை நம்பாமல் இதைச் சாதித்ததுதான் அதன் பெரிய வெற்றி.

ஆசிரியர்களுக்கான உதவிக்கும் நீண்ட வரலாறு உண்டு. ரோசன்வால்டு நிதியம் 1928 முதல் 1948 வரை அளித்த உதவித்தொகைகளால் இக்கல்லூரிகளின் ஆசிரியர் பலர் மேற்படிப்பை முடித்தார்கள். டஸ்கீகியின் தலைவர் ஃபிரெடரிக் பேட்டர்சன் 1944-ல் தனியார் கறுப்பினக் கல்லூரிகளை ஒன்றுசேர்த்து நிறுவிய யு.என்.சி.எஃப் நிதியமும் இந்த வேலையைத் தொடர்ந்தது. மெலன் அறக்கட்டளை 1988-ல் ஒரு திட்டம் தொடங்கியது. இளநிலை மாணவர் ஒரு பேராசிரியரோடு இணைந்து ஆய்வு செய்து, பின்னர் தாமும் பேராசிரியராவது அதன் நோக்கம். 2003-ல் அதற்குப் பெஞ்சமின் மேய்ஸின் பெயரையும் சேர்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதன்வழி முனைவராகியுள்ளனர்.

ஆயினும் இளம் ஆசிரியரின் சுமை இன்னும் தீரவில்லை. பல கல்லூரிகளில் ஒரு பருவத்துக்கு நான்கு பாடங்கள் நடத்த வேண்டியிருக்கிறது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. மாலை முழுக்க மாணவரின் விண்ணப்பத்தைத் திருத்தியதோ, வீட்டுச் சிக்கலைக் கேட்டு உதவித்தொகைக்கு அலைந்ததோ கணக்கில் வருவது அரிது. மாணவருக்கு வழிகாட்டும் நேரத்துக்கு ஈடாகப் பாடச்சுமையைக் குறைப்பது, புதிய ஆசிரியருக்கு அனுபவம் மிக்க ஒருவரைத் துணையாக்குவது, அருகிலுள்ள ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து கோடையில் ஆய்வு செய்ய வழிசெய்வது போன்ற ஏற்பாடுகளைச் சில கல்லூரிகள் செய்துவருகின்றன. வெளியிலிருந்து வரும் மானியம் நிற்கும்போது அவற்றில் பலவும் நின்றுபோகும் நிலையில் இருக்கின்றன.