பிரின்சஸ் ராயல்

இங்கிலாந்தின் மோரிஸ் என்ற நாட்டுப்புற நடனத்துக்கு வாசிக்கப்படும் பழைய வயலின் மெட்டுகளுள் ஒன்று பிரின்சஸ் ராயல். ஏறத்தாழ 1730-இல் லண்டன் வால்ஷ் பதிப்பகத்தார் வெளியிட்ட நாட்டுப்புற நடனத் தொகுப்பில், 'புதிய முறை' என்ற ஒட்டுடன் இது அச்சாகியிருக்கிறது. இரண்டாம் ஜார்ஜ் 1727-இல் அரியணை ஏறியதும் அவருடைய மூத்த மகள் ஆனுக்கு 'பிரின்சஸ் ராயல்' என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் அதே பெயரில் ஒரு நடன மெட்டும் கடைக்கு வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஆயினும் இது அயர்லாந்தின் பார்வையற்ற ஹார்ப் கலைஞர் டர்லோ ஓ'கரோலன் (1670–1738) இயற்றியது என்ற கூற்று பரவலாக உண்டு. அயர்லாந்து இசையைத் தொகுத்த எட்வர்ட் பண்டிங் 1840-இல் வெளியிட்ட தொகுப்பே அதன் ஆதாரம். ஆர்தர் ஓ'நீல் என்ற ஹார்ப் கலைஞரிடம் கேட்டெழுதிய மெட்டு இது என்றும், மக்டெர்மட் குடும்பத்துப் பெண்ணுக்காகக் கரோலன் இயற்றியது என்றும் பண்டிங் குறித்தார். அக்குடும்பம் கரோலனை ஆதரித்தது உண்மை. அவருடைய மெட்டுகள் அவர் வாழ்நாளிலேயே டப்ளினில் அச்சேறின. எனவே இதுவும் லண்டனுக்குப் போயிருக்கலாமே என்பர். போயிருக்கலாம், ஆனால் போனதற்குச் சான்று வேண்டும். லண்டன் அச்சுக்கு நூறாண்டுக்குப் பின் வெளிவந்த ஒரு செவிவழிச் செய்தி அந்த அச்சை மீறாது. 'புதிய முறை' என்பதால் பழைய வடிவம் ஒன்று இருந்திருக்கும் என்று கொண்டாலும், அது கரோலனுடையது என்று ஆகிவிடாது.

மெட்டின் அடுத்த பிறவி மேடையில். 1796-இல் கவன்ட் கார்டன் அரங்கில் நடந்த 'தி லாக் அண்ட் கீ' நாடகத்துக்காக, 1778-இல் அரெத்யூசா என்ற போர்க்கப்பல் பிரெஞ்சுக் கப்பலோடு பொருத கதையைப் பிரின்ஸ் ஹோர் பாட்டாக எழுத, வில்லியம் ஷீல்ட் இந்த மெட்டில் அதை அமைத்தார். பாட்டு ஊரெங்கும் பரவியதால் மெட்டும் ஷீல்டுடையதாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கிராமத்து வயலின்காரர்கள் இந்தக் கடற்பாட்டிலிருந்தே மெட்டைக் கற்றனர் என்றும் வாதிடலாம். அப்படியானால் அவர்கள் அதை 'அரெத்யூசா' என்றே அழைத்திருக்க வேண்டும். பேம்டன், ஆபிங்டன், பிளெடிங்டன் ஊர்களின் மோரிஸ் குழுக்களோ பழைய பெயரையே வைத்திருந்தன. பாட்டுக்கு முந்திய நடன மரபு ஒன்று அறுபடாமல் வந்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

மெட்டில் ஊருக்கு ஊர் காணும் வேறுபாடுகளும் அந்த மரபுக்கே உரியவை. அச்சிலும் மேடையிலும் மைனர் ஸ்கேலில் உள்ள மெட்டு ஆபிங்டனில் மேஜராகிவிடுகிறது. நம் வழக்கில் சொன்னால், சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது. தனி ஆளாக ஆடும் ஜிக் நடனத்தில், உயரத் துள்ளும் அடிகள் வரும்போது இரண்டாம் பகுதியின் சுரங்கள் இரட்டிப்பு நீளம் பெறுகின்றன. வயலின்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்தபடி வில்லை இழுத்துப் பிடித்து, கால் தரையில் படும் நொடியில் அடுத்த சுரத்துக்குப் போவார். இந்தக் கணக்கு எந்த அச்சுப் பிரதியிலும் முழுதாக அடங்காது.

நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வடிவங்களைக் கிராமங்களில் கேட்டுப் பதிவுசெய்தார்; பேம்டனில் அவருக்கு வாசித்துக் காட்டிய வயலின்காரர் வில்லியம் வெல்ஸ் (1868–1953). 1972-இல் வெளிவந்த 'மோரிஸ் ஆன்' இசைத்தட்டிலும் இம்மெட்டு உண்டு. மோரிஸ் குழுக்கள் இன்றும் இதை ஆடிவருகின்றன.