புகைக்கூடும் எங்கள் ஓட்டுக் கூரையும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கிலாந்திலிருந்து என் வகுப்புத் தோழன் போன் செய்தான். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன். இந்த மலரை அவனும் வாசிப்பான் என்பதால் பெயர் வேண்டாம்.

"மக்கா, புகைக்கூட்டுக் குடுவை தேடி ஒரு மாசமா அலையேன்டே" என்றான்.

அவன் வாங்கியிருப்பது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடு. கூரைமேல் நாலு சுட்டமண் குடுவைகள், இரண்டு உடைந்துவிட்டன. புதுசு வைத்தால் பழசோடு சேரவில்லை. அதனால் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற இடங்களில் ஜோடி தேடுகிறான். "விரலால தட்டிப் பாக்கணும். கணீர்னு கேட்டா நல்லது, சத்தம் அடைச்சா கீறல்" என்று விளக்கம் வேறு.

கடைசியில் ஒன்று கேட்டான்: "உங்க வீட்டு முகட்டுல ஒரு மண் கலசம் இருந்துதே, அது எங்கடே?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் அவனுடைய குடுவையைப் பார்ப்போம். அங்கே குளிருக்கு அறைக்கு அறை கணப்பு அடுப்பு. நிலக்கரிப் புகையை மேலே இழுக்கப் புகைக்கூட்டின் உயரத்தைக் கூட்ட வைத்ததே இந்தக் குடுவை. 19-ம் நூற்றாண்டில் எட்டுப் பட்டை, கிரீடம் என்று அலங்காரமும் சேர்ந்தது. 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரி அடுப்புகள் மெல்ல ஒழிய, புகைக்கூடு வெறும் அலங்காரமாயிற்று.

நம் நாஞ்சில் நாட்டு வீடுகளில் புகைக்கூடு அபூர்வம். அடுக்களைப் புகை நாட்டு ஓட்டின் இடுக்கு வழியாகத் தானே வெளியேறும். விடிகாலையில் கூரை முழுக்கப் புகைவதைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் புகை வீணும் அல்ல. புகை பிடித்துக் கறுத்த கழுக்கோலில் வண்டு எளிதில் ஏறாது. ஆக, நமக்குப் புகைக்கூடும் ஓடுதான், அழகும் ஓடுதான்.

அந்த ஓடு எல்லார் தலைக்கு மேலும் இருந்ததா? இதை இன்றைய மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1662 முதல் 1689 வரை அடுப்புக்கு வரி இருந்தது. ஓர் அடுப்புக்கு வருஷத்துக்கு இரண்டு ஷில்லிங். நம் பகுதி அடங்கியிருந்த திருவிதாங்கூரிலோ கூரைக்கே கட்டுப்பாடு. சில சாதியார் கையில் காசிருந்தாலும் அனுமதியின்றி வீட்டுக்கு ஓடு வேயக்கூடாது. ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில்தான் (1815-1829) இந்தத் தடை நீங்கியது. சட்டம் நீங்கியது, வழக்கம் அவ்வளவு சீக்கிரம் நீங்குமா? தோள்சீலைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. ஓலைக் குடிசை ஓட்டு வீடாக மாறியதைப் பல குடும்பங்கள் திருவிழா போலக் கொண்டாடியது சும்மா அல்ல.

பிறகு வந்தது சீமை ஓடு. பேசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-ல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கினார். பின்னால் கோழிக்கோடு, பெரோக் என்று மலையாளக் கரையெங்கும் ஆலைகள் வந்தன. அச்சில் அழுத்திய தட்டை ஓடு ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும். எடை குறைவு, மழை ஒழுகல் குறைவு. இரண்டு பருவ மழையும் பெய்கிற நம் ஊருக்கு இது வரப்பிரசாதம்.

எங்கள் தாத்தா போட்டது இந்த ஓடு. ஓலைக் கூரையில் பிறந்தவர் அவர். வேலை முடிந்த அன்று முகட்டில் அந்தக் கலசத்தை வைத்துவிட்டு, தெருவில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அது வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது. ஏன் அப்படிப் பார்த்தார் என்று அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

1991-ல் அந்த வீட்டைப் பொளித்துக் கான்கிரீட் வீடு கட்டினோம். ஓடு, கழுக்கோல், கதவு எல்லாம் மொத்த விலை பேசி, இரண்டு லாரியில் போயிற்று. கலசத்துக்குத் தனி விலைகூடக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவன் நான்.

தோழன் போன் வைத்த மறுவாரம் தேடப் புறப்பட்டேன். முதல் கடையில் "பழைய சிம்னி மாதிரி, கூரைமேல வைக்கிறது" என்றதும், கடைக்காரர் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் காட்டினார்! தக்கலையில் ஒன்று, மார்த்தாண்டத்தில் இரண்டு என்று சுற்றினேன். கலசம் கிடைக்கவில்லை. ஒரு கடையில் பேசல் மிஷன் முத்திரையும் 1865 என்ற எண்ணும் உள்ள ஓடு கிடைத்தது. "நூத்தறுவது வருசத்துக்க ஓடு சார்" என்றார் கடைக்காரர். 1865 என்பது ஆலை பிறந்த வருஷம். ஓடு பிறந்த வருஷம் அல்ல. எழுத்து பதிந்திருந்தால் மட்டும் வரலாறு ஆகிவிடாது, அதை விசாரிக்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? தட்டிப் பார்த்தேன், கணீர் என்றது. வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

ஆனால் அது யார் வீட்டு ஓடு என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யார் முதன்முதலாக அதன் கீழே நிமிர்ந்து நின்றார்களோ!

தம்பி தங்கைகளே, பழைய வீட்டை இடிக்காதே என்று நான் சொல்லவில்லை; ஒழுகுகிற கூரையின் கீழ் இருப்பவருக்கே அதன் கஷ்டம் தெரியும். இடிக்கும் முன் ஒருநாள் ஒதுக்குங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஓட்டின் முத்திரையைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால், "இந்தக் கூரையை எப்போ போட்டீங்க, அதுக்கு முன்னால என்ன இருந்துது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.