அக்ரன் அடுப்பில் பிறந்த புழு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் மோல்டு ஃபிட்டராக வேலை பார்த்தேன். வாளி மூடி, சுவிட்சுப் பெட்டி, சீப்பு என்று எத்தனையோ பொருள்களுக்கு எஃகில் குழி வெட்டிக் கொடுத்த கை இது. ஓய்வு பெற்ற பிறகு எனக்காக நான் செய்துகொண்ட முதல் அச்சு, ஒரு புழுவுக்கானது.

மொட்டை மாடியில் ஒரு மின்சார அடுப்பு. அதன்மேல் இதற்கென்றே ஒதுக்கிய எவர்சில்வர் குவளை. குவளைக்குள் பால்போல் வெளுத்த ஒரு திரவம். சூடு ஏற ஏற அது தயிராகத் திரளும். கிளறிக்கொண்டே இருந்தால் 177 டிகிரி செல்சியஸ் வாக்கில் தேன்போல் தெளிந்து இளகும். அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, நுனியைப் பிடித்து உரித்தால் ஆறு அங்குலப் புழு ஒன்று கையில் நெளியும்.

எங்கள் பக்கத்துத் தூண்டில்காரர்கள் இதை ரப்பர் புழு என்கிறார்கள். இதில் ரப்பர் ஒரு துளிகூட இல்லை. ஆனால் இது பிறந்த ஊர் ரப்பர் ஊர்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரன்.

குட்ரிச் 1870இல் அங்கே ரப்பர் தொழிலைத் தொடங்கினார். 1898இல் குட்இயர், 1900இல் ஃபயர்ஸ்டோன் என்று டயர் நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்தன. உலகத்தின் ரப்பர் தலைநகர் என்றே அந்த ஊரைச் சொன்னார்கள். இத்தனை டயர் வார்க்க வேண்டுமானால் எத்தனை அச்சு வேண்டும், எத்தனை லேத், எத்தனை கை வேண்டும் என்பது என்னைப் போன்றவனுக்குச் சொல்லாமலே புரியும்.

1926இல் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ சீமன் என்ற வேதியியலாளர் ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை. அதற்காக அவர் கையில் எடுத்தது பிவிசி. 1872இல் ஜெர்மானியர் பவுமன் கண்டெடுத்த பொருள் அது. விறைப்பானது, எளிதில் நொறுங்குவது, யாருக்கும் பெரிதாகப் பயன்படாமல் கிடந்தது. சீமன் அதை, ஆவியாக அதிகச் சூடு கேட்கும் ஒரு கரைப்பானில் போட்டுக் காய்ச்சினார். ஆறியபோது கிடைத்தது களிபோல ஒரு பொருள். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. எதிலும் ஒட்டவில்லை. பசை தேடியவருக்கு அது தோல்வி. மின்கம்பியின் உறையும் மழைக்கோட்டும் அந்தத் தோல்வியிலிருந்து வந்தவைதான்.

அவர் செய்ததன் சூட்சுமம் எளிது. வறட்டு மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் மாவு இளகுகிறது அல்லவா, அப்படி பிவிசியின் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே எண்ணெய் போன்ற ஒரு இளக்கி புகுந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போக இடம் கொடுக்கிறது. பிவிசித் தூளை அதே இளக்கியில் கலக்கி வைத்தால் அறைச் சூட்டில் பால்போல் கிடக்கும். இதற்கு பிளாஸ்டிசால் என்று பெயர். என் குவளையில் இருப்பது இதுதான்.

இரண்டாம் உலகப் போரில் கப்பல்களின் மின்கம்பிக்கு உறையாகப் பிவிசி பெருமளவில் தயாரானது. போர் முடிந்தது. பொருள் சந்தையில் தாராளமாகக் கிடைத்தது. அந்தக் காலத்து அக்ரனில் நிக் கிரீம் என்று ஒரு மெஷினிஸ்ட் இருந்தார். தூண்டில் பிரியர். 1949இல் அவரும் மனைவி காஸ்மாவும் தங்கள் வீட்டுச் சமையலறை அடுப்பில் பிவிசி எனும் வினைலையும் எண்ணெயையும் சாயத்தையும் கலந்து காய்ச்சி, புழுவின் வடிவத்தில் எடுத்த அச்சில் ஊற்றினார்கள். மழை பெய்த இரவில் புல்வெளிக்கு மேலே வருகிற பருத்த மண்புழுதான் அந்த வடிவம். தண்ணீரில் போட்டால் உயிருள்ளதுபோல் நெளிகிற, காய்ந்து விறைக்காத புழு அப்படித்தான் வந்தது. ரப்பரில் புழு செய்யும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்ததுண்டு. அந்தப் புழுக்களிடம் இந்த மென்மை இல்லை. 1951இல் கிரீம் தம்பதி தபால் வழி விற்பனை தொடங்கினார்கள். ஒரு டாலருக்கு ஐந்து புழு.

இந்த இடத்தில் ஒரு பட்டறைக்காரனாகச் சில வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு சோப்பு டப்பாவுக்கு மோல்டு செய்யும்போது எங்கள் பெரிய பயம், பொருள் அச்சுக்குள் மாட்டிக்கொள்வது. உள்பக்கம் எங்காவது ஒரு மயிரிழை குடைவாக இருந்தாலும் கெட்டிப் பிளாஸ்டிக் வெளியே வராது. மண்புழுவின் உடம்பு முழுக்க வளையங்கள். நுனியைப் பிடித்து நீளவாக்கில் இழுக்கும்போது ஒவ்வொரு வளையமும் ஒரு குடைவு. கெட்டிப் பொருளில் வார்த்தால் அது அப்படி உரிந்து வராது. இளகின பிவிசியோ தானே வளைந்து, நீண்டு, குடைவைத் தாண்டி உரிந்து வந்துவிடுகிறது. இதற்கு டன் கணக்கில் அழுத்தம் தரும் இயந்திரம் வேண்டாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பாதி முங்குமாறு ஒரு புழுவைப் பதித்து எடுத்தால் அச்சு தயார். அந்தப் பொருளின் குணமே இந்தத் தொழிலைச் சமையலறைக்குள் கொண்டுவந்தது. இன்றுவரை சின்னக் கைகளிடமிருந்து அதைப் பறிக்க முடியாமல் செய்ததும் அதுதான்.

முதல் தடவை நான் அவசரப்பட்டேன். பிளாஸ்டர் வெளியே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். கொதிக்கும் பிளாஸ்டிக் பட்டதும் ஈரம் ஆவியாகிச் சீறி என் மணிக்கட்டில் தெறித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டாம் தடவை சூடு கூடிப்போய்க் கலவை மஞ்சளாகி, பழுப்பாகி, தொண்டையைக் கரிக்கும் புகை கிளம்பியது. அளவுக்கு மீறிச் சுட்டால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். "ஏங்க, என் அடுப்பாங்கரையில இது வேண்டவே வேண்டாம், மாடிக்குக் கொண்டு போங்க" என்றாள் என் மனைவி. சரியாகத்தான் சொன்னாள். அக்ரனில் அடுப்பைப் பகிர்ந்துகொண்ட காஸ்மாவை அன்றிலிருந்து மரியாதையோடு நினைக்கிறேன். அந்தப் புழுவில் பாதி அவருடையது.

கிரீமின் தொழில் 1960ஐ ஒட்டி டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகருக்குப் போனது. அமெரிக்காவின் தெற்கே அந்த வருடங்களில் ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் எழுந்து, காடுகள் நின்ற இடங்களெல்லாம் நீர்த்தேக்கங்களாகிக்கொண்டிருந்தன. நீருக்குள் நின்ற மரங்களுக்கு நடுவேதான் பாஸ் என்ற நன்னீர் மீன் ஒதுங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளோடு அங்கே தூண்டில் போட்டால் கிளையில்தான் மாட்டும். டெக்சாஸ்காரர்கள் முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்தார்கள். முன்னால் தோட்டா வடிவ ஈயம் ஒன்றைக் கோத்தார்கள். மீன் கவ்வி, நாம் சுண்டும்போது மட்டும் கூர் வெளிப்படும். டெக்சாஸ் ரிக் என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. மரத்தாலோ தகரத்தாலோ ஆன இரையைக் கவ்வினால் மீன் உடனே துப்பிவிடும். மெத்தென்ற புழுவை ஒரு கணம் கூடுதலாக வாயில் வைத்திருக்கும். தூண்டில்காரனுக்கு அந்த ஒரு கணம் போதும்.

1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்பவர் நடத்திய பாஸ் தூண்டில் போட்டிக்கு 106 பேர் வந்தார்கள். போட்டிகள் பெருகப் பெருகப் புழுக்களும் பெருகின. அலபாமாவின் யூஃபாலாவில் டாம் மான் பழவாசனைப் புழுக்களை வார்த்தார். 1970களில் லூசியானாவிலிருந்து சுருள்வால் புழு வந்தது. 1990களில் கேரி யமமோட்டோ உப்பை நிறையக் கலந்து, கனத்தால் தானாக அசைந்து இறங்கும் ஒரு கட்டைப் புழுவைத் தந்தார்.

என் தாத்தா மதுராந்தகம் பக்கம் உயிர்த் தவளையை முள்ளில் கோத்து விரால் பிடிப்பார். முதுகில் முள் ஏறிய பிறகும் அந்தத் தவளை நீந்த முயன்றது என் சின்ன வயதுக் கண்ணில் தங்கிவிட்டது. இன்று ஆகாயத்தாமரை அடைத்த ஏரியில், கூர் புதைத்த ரப்பர் புழுவை இலைகளின்மேல் இழுத்து விரால் எடுக்கிறேன். டெக்சாஸ் மரங்களுக்கு நடுவே தோன்றிய உபாயம் எங்கள் ஏரித் தாமரைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு தவளையும் வதைபடவில்லை.

ஆனால் ஒரு பாவத்துக்குப் பதிலாக இன்னொன்றைச் செய்யக் கூடாது. நிஜ மண்புழு தண்ணீரில் விழுந்தால் சில நாளில் மட்கும். இந்தப் புழு மட்காது. ஏரியின் அடியில் கிடக்கும். மீன் அதை விழுங்கும், செரிக்காது. 2013இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் மென்பிளாஸ்டிக் இரைகளைத் தடைசெய்ய மசோதாவே வந்தது. தடை வரவில்லை, முதலில் ஆராயட்டும் என்று மீன்வளத் துறையிடம் விட்டார்கள். இளக்கியாகச் சேர்க்கும் தாலேட்டுகளில் சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் 2008இலேயே அந்த நாடு கட்டுப்படுத்திவிட்டது. அதனால் தாலேட் இல்லாத கலவையை மட்டுமே நான் வாங்குகிறேன்.

பெரிய ஆலையின் கழிவுக்குக் கணக்குக் கேட்க அதிகாரி வருவார். சமையலறையில் பிறந்த தொழிலுக்கு அவரவர் கைதான் கணக்கு. ஆகவே, தூண்டில் போடும் தம்பிகளுக்கு இந்தக் கிழவனின் வேண்டுகோள்: திறந்த வெளியில் காய்ச்சுங்கள், சூடுமானி இல்லாமல் காய்ச்சாதீர்கள், சமைக்கிற பாத்திரத்தைத் தொடாதீர்கள். கிழிந்த புழுவை ஏரியில் எறியாமல் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மட்காத இந்தப் பொருள் மறுபடியும் உருகும். என் மாடியில் ஒரு டப்பா இருக்கிறது. கிழிந்தவை எல்லாம் அதில் சேரும், அடுத்த வாரமே புதுப் புழுவாகும்.