மாறி, மாறிலி (நிரலாக்கம்)

நிரலில் பயன்படும் ஒரு மதிப்புக்குப் பெயரும் தரவினமும் சொல்வது அறிவிப்பு. மதிப்பு மாறக்கூடியதாயின் மாறி, மாறாததாயின் மாறிலி. விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். தென்னார்க்காட்டிலிருந்து அது பிரிந்த ஆண்டான 1993 மாறிலி. வட்டங்களின் எண்ணிக்கை மாறி: 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் குறைந்தது.

பிளஸ் ஒன் பாடமான சி பிளஸ் பிளஸில் தரவினத்தை முதலில் எழுத வேண்டும். முன்னால் ‘கான்ஸ்ட்’ சேர்த்தால் மாறிலி. அதற்குரிய மதிப்பை அங்கேயே தந்துவிட வேண்டும். பிளஸ் டூவில் வரும் பைத்தானில் மதிப்பிருத்தினாலே போதும். மாறிலிக்கென்று அதில் தனிச் சொல் இல்லை. பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடுவது வெறும் மரபு. மதிப்பை மாற்றினாலும் பைத்தான் தடுக்காது. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். ஆனால் தமிழில் ஏது பெரிய எழுத்து? அங்கே அந்த மரபும் உதவாது.