சுவிட்ச் யார் கையில்?



வீட்டு மின்சாரச் செலவைக் கண்காணித்துக் குறைக்க ‘ஸ்மார்ட் பிளக்’ உதவுமா? இதுவே இன்று நம்முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர், அதை வாங்கி மாட்டினாலே பில் குறைந்துவிடும் என்றார். அவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிட முடியாது. மின்சாரத்தை அளக்கும் கருவி யாரிடம் இருந்தது, நிறுத்தும் சுவிட்ச் யார் கையில் இருந்தது என்ற வரலாற்றைப் பார்த்தால்தான் இந்தச் சின்னப் பொருளின் மதிப்பும் குறையும் நமக்குப் புரியும்.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 1894ஆம் ஆண்டில், சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங் ஈயச் சுரங்கத்தில். அங்கு மின்னாக்கியை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் இயூ. மற்றவர் தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை நிறுவியவர் என்று நாம் போற்றும் அதே பிள்ளைதான். மறு ஆண்டே கோலாலம்பூர் ரயில் நிலையங்களுக்கும் மின்சாரம் வந்தது.

சுரங்கத்துக்கும் ரயிலுக்கும் வந்த மின்சாரம் பாட்டாளியின் வீட்டுக்கு வரப் பல்லாண்டுகள் பிடித்தன. தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் ஓடத் தொடங்கும். இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். பிள்ளைகளின் பாடம் முடிந்ததா, கைவேலை முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. லயத்து வீட்டுச் சுவரில் சுவிட்ச் இருந்தது உண்மை. உண்மையான அதிகாரம் கொண்ட சுவிட்சோ ஜெனரேட்டர் கொட்டகையில் இருந்தது.

அடுத்து, அளவையின் கதை. 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசன் தமது மின் நிலையத்தை இயக்கினார். பயன்படுத்திய மின்சாரத்தை அளக்க அவர் வகுத்த முறை விசித்திரமானது. துத்தநாகக் கரைசல் நிறைந்த கண்ணாடிக் குடுவையில் துத்தநாகத் தகடுகள் தொங்கும். மின்சாரம் பாயப் பாய ஒரு தகடு கரைந்து மற்றொன்றில் படியும். நிறுவனத்தின் ஆட்கள் அத்தகடுகளை எடுத்து நிறுத்துப் பார்த்துக் கணக்கெழுதுவார்கள். எவ்வளவு செலவானது என்று வாடிக்கையாளர் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய பொறியாளர் ஓட்டோ பிளாத்தி. மாறுதிசை மின்சாரத்தை அளக்க அவர் 1889இல் உருவாக்கிய மீட்டரின் வழிவந்ததே, வட்டத்தகடு சுழலும் பழைய மீட்டர். நம் நாட்டில் 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990இல் தெனாகா நேஷனல் பொறுப்பேற்றது. இக்காலம் முழுவதும் வீட்டு வாசலில் சுழன்ற அந்தத் தகட்டை எவரும் பார்க்க முடிந்தது.

ஆயினும் அது சொன்னது மொத்தக் கணக்கை மட்டுமே. கடைக்காரர் மாதக் கடைசியில் ‘மொத்தம் இவ்வளவு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்க மாட்டோமா? மின்சாரத்தில் மட்டும் நாம் நூறாண்டுகளாகக் கேட்காமலே பணம் கட்டி வந்தோம்.

தூரத்திலிருந்து நிறுத்தும் வசதி முதலில் வந்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ‘எக்ஸ்-10’ முறையை உருவாக்கியது. வீட்டின் மின்கம்பி வழியாகவே அது கட்டளை அனுப்பியது. அதனால் நிறுத்த முடிந்தது, அளக்க முடியவில்லை. பிறகு, நிறுத்தி வைத்தும் மின்சாரம் உறிஞ்சும் சாதனங்கள் மீது உலகின் கவனம் திரும்பியது. 1999இல் அனைத்துலக எரிசக்தி முகவை அந்த விரயத்தை ஒரு வாட்டுக்குக் குறைக்க வேண்டுமென முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஒரு வாட் என்றும், 2013இல் அரை வாட் என்றும் பல வீட்டுச் சாதனங்களுக்குச் சட்ட வரம்பு விதித்தது.

அளப்பதும் நிறுத்துவதும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் இன்றைய ஸ்மார்ட் பிளக். இதற்குள் இருக்கும் சிறு சில்லு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, பெருக்கி, வாட் கணக்கைக் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறது. ரிலே என்னும் மின்விசை, நாம் சொன்ன நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது.

ஒரு கணக்கு பாருங்கள். பயன்படுத்தாதபோதும் 10 வாட் இழுக்கும் ஒரு பெட்டி, 30 நாளில் 7.2 யூனிட் செலவாக்கும். ஓராண்டில் ஏறத்தாழ 88 யூனிட். வாசல் மீட்டர் இதைத் தனியே காட்டாது. ஸ்மார்ட் பிளக் காட்டும். பழைய குளிர்பதனப் பெட்டியை ஒரு வாரம் அளந்தால், மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. அதில் வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணம் கூடுதல். எந்தச் சாதனத்தின் வேலையை 10 மணிக்குப் பின் தள்ளலாம் என்று அறிய இந்தக் கருவி உதவும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் அதிக மின்சாரம் இழுக்கும் குளிர்சாதனமும் குளியலறை நீர்சூடேற்றியும் பெரும்பாலும் சுவரில் நேரடியாக இணைக்கப்பட்டவை. அவற்றில் பிளக் மாட்ட இடமில்லை. 10 ஆம்பியர் பிளக்கில் அதற்கு மேல் இழுக்கும் சாதனத்தை மாட்டினால் தீ ஆபத்து. ஸ்மார்ட் பிளக்கும் இரவு பகலாக மின்சாரம் எடுக்கிறது. அரை வாட்கூட இழுக்காத கைத்தொலைபேசி சார்ஜருக்கு அதை மாட்டினால் வரவைவிடச் செலவே மிகும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 2012இல் ‘வீமோ’ பிளக்கை அறிமுகப்படுத்திய பெல்கின் நிறுவனம், பெரும்பாலான வீமோ சாதனங்களுக்கான இணையச் சேவை 2026 ஜனவரி 31 வரைதான் என்று 2025 ஜூலையில் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய பிளக் நம் சுவரில் இருக்கும். அதை ஆட்டிவைக்கும் கணினியோ வேறொரு நாட்டில் இருக்கும். கொட்டகைக்காரர் அணைத்ததும் இருண்ட லயத்து வீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆகவே நேயர்களே, வாங்குமுன் கேளுங்கள். வாட் கணக்கைக் காட்டுமா? இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே இயங்குமா? எத்தனை ஆம்பியர் தாங்கும்? வீட்டுக்கு ஒன்றிரண்டு போதும். ஒவ்வொரு சாதனமாக ஒரு வாரம் மாட்டி அளந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பில்லைக் குறைப்பது கருவி அன்று. அது காட்டும் எண்ணைப் படித்து, எழுந்து போய் சுவிட்சை அணைக்கும் மனிதர்தான். அளவுகோலும் சுவிட்சும் நம் கைக்கு வர நூறாண்டுக்கு மேலாயிற்று. வந்ததை நாம் அக்கறையோடு பயன்படுத்துவோம்.