தளத்தில் சுழன்ற கைப்பம்பு

1782-இல் ஸ்பிட்ஹெட் நங்கூரத்துறையில் மூழ்கிய ‘ராயல் ஜார்ஜ்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சிதைவை 1839 முதல் 1843 வரை கர்னல் பாஸ்லி அகற்றியபோது, அகஸ்டஸ் சீபே வடிவமைத்த மூடிய முக்குளிப்பு உடை தன் தகுதியை மெய்ப்பித்தது. எனினும் அதை அணிந்தவரின் உயிர், மேலே கப்பல் தளத்தில் மாலுமிகள் கையால் சுழற்றிய காற்றுப் பம்பையே நம்பியிருந்தது.

சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறியிறங்கிக் காற்றை அழுத்தி, குழாய் வழியே தலைக்கவசத்துக்கு அனுப்புவதே அதன் இயக்கம். பிஸ்டனைச் சுற்றியிருந்த தோல் வாஷர் உலர்ந்து சுருங்கினால், அழுத்தம் கூடக்கூடக் காற்று பக்கவாட்டில் கசிந்தது; ஆனால் சுழற்சிகளை மட்டும் எண்ணியவர்களுக்கு அந்த இழப்பு தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக இந்தக் காற்று வழங்கலை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன், ஆழத்தில் முக்குளிப்போருக்கு நேர்ந்த மூச்சுத்திணறலுக்கும் மயக்கத்துக்கும் தலைக்கவசத்துள் தேங்கிய கரியமில வாயுவே பெரிதும் காரணம் என்று காட்டினார். சுமார் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் நான்கு மடங்காவதால், அவ்வாயுவை வெளியேற்றப் பம்பும் நான்கு மடங்கு காற்றைத் தர வேண்டும். கசியும் பம்போ, மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே குறைவாகத் தந்தது. ஆட்களின் மனவுறுதிக் குறைவு என்று எளிதில் பழிக்கப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, உண்மையில் பராமரிப்புக் குறையாக இருந்தது. 1906-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையருகே, பம்புகளின் காற்றளவு உறுதிசெய்யப்பட்ட நிலையில், டாமன்ட், காட்டோ என்னும் கடற்படையினர் 210 அடி ஆழம் வரை இறங்கி மீண்டனர்.